பதினோரு மொட்டையும் நாற்பதாவது வேலையும்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நான் முன்பு சொன்னவற்றில் இருந்திருக்கலாம். கிணற்றுக்குள் யானை குளித்த விஷயத்தை விடுங்கள். இது நிஜம். நிஜமாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

புதுக்கோட்டைப் பக்கம் கீழப்புஞ்சை என்று ஓர் ஊர். அங்கே மழையைவிட ஏஜென்ட் அடிக்கடி வருவான். சுற்றுலா விசாவில் ஆளை மலேசியாவுக்கு ஏற்றிவிடுவான். விசா முடிந்ததும் பாமாயில் தோட்டத்துக்குள் ஒளிந்து வேலை பார்க்க வேண்டியதுதான். பிடிபட்டாலோ, தானே போய்ச் சரணடைந்தாலோ, ‘அவுட்பாஸ்’ என்று ஒரு காகிதம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அதுவரை பெற்ற தகப்பன் செத்தாலும் வர முடியாது.

அப்படிச் செத்த தகப்பன்மாருக்கெல்லாம் கொள்ளி வைத்தவன் வெள்ளைச்சாமி. ஏஜென்ட் எத்தனை முறை கூப்பிட்டும் போகாதவன். ஏழு வருஷத்தில் பதினோரு பிணம், பதினோரு மொட்டை. அவன் நிழலுக்கே முடி கிடையாது என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

இந்த ஓட்டத்தை நிறுத்த ஓர் அறக்கட்டளை ஊரில் தென்னை நார் ஆலை கட்டியது. வாசலிலேயே பலகை வைத்தார்கள்: ‘பிழைப்புக்காக இனி இவ்வூரிலிருந்து ஒருவரும் ஒளிந்து போக வேண்டாம்.’ கூடவே ஒரு விதி: அவுட்பாஸில் திரும்பி வந்தவர்களுக்கே வேலை. முப்பத்தொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். மிச்சமிருந்த ஒரே இடமான நாற்பதாவதுக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஊர்ப் பெரியவன் என்று நம்பி, ஆளை என்னையே சொல்லச் சொன்னார் மேலாளர். தேவையானால் விதியைத் தளர்த்தவும் தயார் என்றார்.

முதலாமவன் அடைக்கலம். ஒன்பது வருஷம் தோட்டத்தில் ஒளிந்திருந்து, முதுகு போய், சரணடைந்து வந்தவன். வேலை கிடைக்காவிட்டாலும் இனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றான். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவன் தகப்பனார். வெள்ளைச்சாமி முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாமவன் சேவுகன். பம்ப்செட்டோடு தோப்பு உள்ளவன். ஆலை விதியைக் கேள்விப்பட்ட பிறகே விமானம் ஏறினான். விசா முடிந்த மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன்னைப் பிடிக்கச் சொன்னானாம். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம். நாலாவது ஸ்டேஷனில்தான் இரக்கப்பட்டுப் பிடித்தார்களாம். ஆறே வாரத்தில் அவுட்பாஸோடு வந்தான், ஒரு சுற்றுப் பெருத்து.

மூன்றாமவன் வெள்ளைச்சாமி. காகிதம் எங்கே என்று மேலாளர் கேட்டார்.

“போகாதவன் எப்படிங்க திரும்பி வர முடியும்?” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “பாஸ்போர்ட்ட ஏஜென்ட்டுகிட்ட குடுத்துட்டேன் மாமா. இதுவும் இல்லேன்னா வெள்ளிக்கிழமை நானும் ஏறிருவேன்.”

“கொள்ளி வச்சதுக்கு எவன்டா அவுட்பாஸ் குடுப்பான்?” என்றான் சேவுகன். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவன் பட்டுத் திரும்பியவன். ஒருவன் திரும்புவதற்காகவே போனவன். ஒருவன் போகவே இல்லை. அந்த நாற்பதாவது வேலை இவர்களில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வெள்ளைச்சாமிக்கு. ஆலை கட்டியது வந்தவனுக்குப் பரிசு கொடுக்க அல்ல, போகிறவனைத் தடுக்க. அடைக்கலம் இனிப் போக மாட்டான். சேவுகன் பிழைப்புக்காகப் போகவே இல்லை. ஏறக் காத்திருந்தவன் ஒருவன்தான். இது எனக்கு அன்றே தெரியும். ஆனால் அந்த நாலு ஸ்டேஷன் கதை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. போய்விட்டு வா என்று விளையாட்டாகச் சேவுகன் காதில் போட்டவனும் நானே. சிரிப்பு அடங்குவதற்குள் சேவுகன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

போன மாதம் தோட்டத்துக்குள்ளிருந்து வெள்ளைச்சாமி போனில் பேசினான். குரலில் கோபமே இல்லை. “நான் இப்பப் பிடிபட்டு வந்தா, ஆலையில எடம் குடுப்பாங்களா மாமா?” என்று கேட்டான். ஆயுசு முழுக்கக் கதை அளந்த வாய்க்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் அம்மா இன்னும் தினமும் எனக்கு மோர் கொண்டுவந்து தருகிறாள்.