திருப்பிக் கொடுத்த சத்தியம்

மாவட்ட அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டில், குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு பூங்கோதை அங்கே ஆலோசகர். சீடர் சவரிமுத்து, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, உளவியல் படித்து, அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பட்டாளத்தை விட்டு வந்தாலும் மிடுக்கு அவரை விட்டுப் போகவில்லை.

கோட்டைச்சாமி என்ற கொத்தனார் சிகிச்சை முடிந்து கிளம்பிய அன்று பூங்கோதை விடுப்பு. சவரிமுத்து அவனை லேசில் விடவில்லை. கூட்டிப்போக அம்மாவோடு வந்திருந்த மகளின் தலையில் கை வைக்கச் சொன்னார்.

"இனி தொடமாட்டேன்னு சொல்லு."

"என் புள்ள மேல சத்தியமா தொடமாட்டேன் சார்."

வார்டே கைதட்டியது. மறுநாள் சவரிமுத்து இதைப் பெருமையாகச் சொன்னபோது பூங்கோதை ஒன்றுதான் கேட்டார்.

"புள்ளைக்கு என்ன வயசு?"

"ஏழெட்டு இருக்கும் மேடம்."



சில வாரம் கோட்டைச்சாமி ஒழுங்காக வந்து போனான். பிறகு ஆளையே காணோம். அவன் மனைவி பேச்சியம்மாள்தான் ஓடி வந்தாள்.

"காதுகுத்து வீட்டுல குடிச்சுட்டாக மேடம். மறுநா புள்ளைக்குக் காய்ச்சல். 'என் சத்தியந்தான் புள்ளைய அடிச்சிருச்சு'ன்னு வெளிய போனவுகதான். புள்ள தேறி பள்ளிக்கூடமே போயிருச்சு. இவுக சந்தைக் கொட்டகையில கெடந்து விடாமக் குடிக்கிறாக. கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு."

இனியும் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆள் பிழைக்க வேண்டுமானால் உடனே வார்டுக்கு வந்தாக வேண்டும்.

சவரிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"பேச்சு மனசை விட்டுப் போயிருந்தா அவர் வீட்டுக்குப் போயிருப்பாரே சார். ஆட்டோ கூப்பிடுங்க."

கோட்டைச்சாமி கொட்டகைத் தூணில் சாய்ந்து கிடந்தான். இவர்களைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார் பூங்கோதை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடம் வர? புள்ள தலையில அடிச்ச சத்தியத்த மீறுன பய நான். நான் கிட்டக்க இருந்தா அவளுக்குத்தான் ஆகாது."

சவரிமுத்து குனிந்தார். "பழச விடுப்பா. இப்ப உன் குலசாமி மேல புதுசா ஒண்ணு..."

பூங்கோதை பார்த்த பார்வையில் பட்டாளத்துக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"கோட்டைச்சாமி, அந்தச் சத்தியத்தை யாரு கேட்டது?"

"சார்தான்."

"அப்ப சார்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. சார், கையை நீட்டுங்க."

கோட்டைச்சாமி துண்டை விலக்கினான். "குடுக்கலாமா மேடம்?"

"வாங்கினவர் மனசார வாங்கிக்கிட்டா குடுக்கலாம்."

சவரிமுத்து கையை நீட்டினார். ஒரு குழந்தையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது தான்தான் என்பது மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"குடுப்பா. நான் கேட்டிருக்கக் கூடாது. இனி புள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

கோட்டைச்சாமி அந்தக் கையில் தன் கையை ஓங்கி அடித்தான். விம்மி விம்மி அழுதான். அழுது ஓய்ந்ததும் சவரிமுத்துவின் தோளைப் பிடித்து எழுந்து ஆட்டோவில் ஏறினான்.

மாலையில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பேசுவதைக் கேட்டபடி அவன் படுத்திருந்தான்.

வராந்தாவில் சவரிமுத்து கேட்டார். "மேடம், இனி அவரைக் கட்டிப்போட நம்ம கையில ஒண்ணுமே இல்லையே. திரும்பக் குடிச்சா?"

அடுத்த நோயாளியைக் கூப்பிடக் கதவைத் திறந்தபடி பூங்கோதை சொன்னார்.

"குடிச்சா, மறுநாளே நம்மகிட்ட வருவார் சார்."