சோதனைப் பதிவு

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது. அவளிடம் பாடம் கேட்க வந்த குலசேகரனுக்கோ ஐம்பத்தெட்டு தாண்டிவிட்டது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஒலிப்பதிவு கற்றே தீருவேன் என்று சாலிகிராமத்தில் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தவர். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். யார் குரு என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அன்று காலை அவருக்கு இருந்த சந்தேகம் வேறு.

"மேடம், பி.சி.எம். நல்லதா, டி.எஸ்.டி. நல்லதா?"

"யாரைப் பதியப் போறீங்க?"

"அரசியை. நாளைக்கு அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் பழையபடி வரும்னு உறுதி சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். சாயங்காலம் ஆஸ்பத்திரில சேரணும். இப்ப விட்டா கிடையாது."

அரசி என்கிற மங்கையர்க்கரசி அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஸ்டூடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மைக்கின் முன்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாவம், மனுஷன் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. இரண்டும் ஒலியைப் பதியும் முறைகள். பி.சி.எம். குரலை நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் அளந்து எண்ணாக எழுதிவைக்கும். டி.எஸ்.டி. ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும்தான் குறிக்கும், ஆனால் பல லட்சம் தடவை. முதலாவதில் பிசிறு வந்தால் வெட்டி ஒட்டலாம். இரண்டாவதில் அது லேசில் நடக்காது, ஆனால் ஆள் எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும் என்று சிலர் சத்தியமே செய்கிறார்கள். இணையத்தில் ஒருத்தன் இது என்றால் இன்னொருத்தன் அது என்று அடித்துக்கொள்கிறான். அத்தனையும் படித்துவிட்டு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றார் குலசேகரன். ஸ்டூடியோ மெஷினோ ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பதியும்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம்."

"ரெண்டுலயும் பதிஞ்சு கேட்டுப் பாருங்க," என்றாள் ஜெசிந்தா.

குலசேகரன் இந்தப் பக்கத்து மைக்கில் சொன்னார்: "அரசி, தொண்டையை இப்பவே செலவழிக்காத. பாட வேண்டாம், ஏதாவது பேசு. மனசுல தோணுறதைப் பேசு."

அரசி பேசினாள். அவர் பார்வை ஒலியளவு காட்டும் மீட்டரை விட்டு நகரவில்லை.

"அருமை," என்றார். "இப்ப டி.எஸ்.டி. அதையே, ஒரு வார்த்தை மாத்தாம, திருப்பிச் சொல்லு. அப்பத்தான் ஒப்பிட முடியும்."

அரசி கண்ணாடி வழியாக அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிச் சொன்னாள்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். ஒன்றைக் கேட்டால் அதுதான் சரி என்று தோன்றியது. மற்றதைப் போட்டால் அதுவும்தான். தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஒரே குழப்பமா இருக்கு மேடம். பி.சி.எம்.ல 'ப' வர்ற இடமெல்லாம் பட்டுனு தெறிக்குது. டி.எஸ்.டி.ல கடைசியில குரல் லேசா நடுங்குது. முதல் பதிவுல அந்த நடுக்கமே இல்லை. இது மெஷின் கோளாறா, இல்ல பி.சி.எம். அதை முழுங்கிடுச்சா?"

"அவங்க என்ன பேசினாங்க?"

"அதான் மேடம், 'ப' வர்ற இடத்துல..."

"என்ன பேசினாங்கன்னு கேட்டேன் சார்."

அத்தனை தடவை கேட்டும் குலசேகரன் மனதில் ஒரு வார்த்தைகூடப் பதியவில்லை. அரசி எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. மறுபடி ஓடவிட்டார்.

"என்னங்க, எனக்குப் பயமா இருக்கு. பாட்டு போனாப் போகட்டும். நாளைக்குக் கண் முழிக்கும்போது பக்கத்துல இருப்பீங்களா?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கண் கலங்கியது. ஆனாலும் ஒரு மாதக் குழப்பம் அத்தனை சீக்கிரம் ஆளை விட்டுவிடுமா? கை இரண்டு பொத்தான்களுக்கும் நடுவிலேயே நின்றது.

"மேடம், இப்ப எதுல பதியட்டும்?"

"முதல்ல உள்ளே போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "அவங்க ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."