தூசு ஏறிய தோணி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பசியைக் காட்டிலும் ஆசை பெரிதாக இருந்த நாளில், கடலோரத்தில் ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட கனகபூபதிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. இனிமேல் தம் கையால் பிடித்த மீனைத்தான் சாப்பிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். கடலுக்குப் போகப் பயம். அதனால் ஊரை ஒட்டிய உப்பங்கழியே போதும் என்றார். அங்கே எங்கு இறங்கினாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. மீன் மட்டும் கொள்ளையாகக் கிடைக்கும்.

பெரிய மந்திரி அம்பலவாணர் அரண்மனைப் படகை வரவழைத்தார். முன்னால் அன்னத்தின் தலை, நடுவில் பட்டு விதானம் என்று அமர்க்களமான படகு. நாலு முழம் போவதற்குள் அது சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ராஜா இறங்கி நடக்கவேண்டியதாயிற்று. நடந்ததில் ஒரு பாதுகை சேற்றோடு போயிற்று. மறுநாள் சபைக்கு ஒற்றைப் பாதுகையோடு வந்தவர் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சபையில் மருதையன் என்று ஒரு விகடகவி இருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனுக்கு அந்த வழக்கம் கிடையாது. இந்தக் கழிக்கு அடி தட்டையான சின்னத் தோணிதான் சரி, ஒரு சாண் தண்ணீரில்கூட மிதக்கும் என்று சொல்லிவைத்தான்.

மருதையனை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த மந்திரிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. அவர் எழுந்து வணங்கினார்.

"மகாராஜா, மருதையனே அந்தத் தோணியைச் செய்விக்கட்டும். ஆனால் தாங்கள் எங்கே எழுந்தருளினாலும் நான், சேனாபதி, பொக்கிஷதாரர் மூவரும் உடன் வருவது மரபு. நாங்களும் மருதையனும் ஏறியபின் அது தரைதட்டாமல் மிதக்கவேண்டும். தட்டினால் மருதையன் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

ராஜாவுக்குப் பாதுகை போன கோபம் இன்னும் தீரவில்லை. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார். மருதையன் சிரித்தபடிதான் வெளியே வந்தான். தெருவில் இறங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தான். சேனாபதி வீரகேசரி ஏறினால் குதிரையே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். பெரிய தோணி என்றால் சேற்றில் உட்காரும், சின்னத் தோணி என்றால் மூழ்கும்.

வீட்டில் மனைவி காத்தாயியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்களை விடுங்க. நீங்க ஒருத்தர் ஏறினாலே போதாதா? அரண்மனைச் சோத்தைத் தின்னு தின்னு அரிசி மூட்டை கணக்கா ஆயிட்டீங்க. நாடு விட்டுப் போகணும்னா உங்களைச் சுமக்கவே தனியா ஒரு மாடு வேணும்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவள் வைத்த முருங்கை இப்போதுதான் பூவிட்டிருந்தது. மருதையன் அதன் அடியில் போய் உட்கார்ந்தான். அரிசி மூட்டை என்ற பேச்சு மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று அவனுக்குச் சபையின் காலை வணக்கம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் மருதையன் ஒரு விண்ணப்பம் வைத்தான். தோணி கட்டும் தச்சருக்கு ஏறப்போகிறவர்களின் எடை தெரியவேண்டும், அதை அவரவர் வாயாலேயே சொல்லிவிட்டால் நல்லது என்றான். ராஜா தலையசைத்தார்.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ராஜாவின் முன்னால் தன்னை எவ்வளவு சிறியவனாகச் சொல்லிக்கொள்கிறோமோ அவ்வளவு பெரிய விசுவாசி. தினமும் காலையில் இதில் ஒரு போட்டியே நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் யார் தன் எடையைச் சொல்வார்?

"தங்கள் திருமுன் நான் வெறும் துரும்பு" என்றார் மந்திரி.

சேனாபதி விடுவாரா? "நான் தங்கள் காலடித் தூசு" என்றார்.

தூசுக்கும் கீழே போக வழி தெரியாமல் பொக்கிஷதாரர் கொஞ்சம் திணறினார். பிறகு, "அந்தத் தூசின் நிழல் நான்" என்று முடித்தார்.

"நான் அரிசி மூட்டை மகாராஜா. வீட்டில் சொன்னார்கள்" என்றான் மருதையன்.

சபையே சிரித்தது. இவனுக்கு மரியாதையே தெரியவில்லை என்று மந்திரி முகத்தைச் சுளித்தார். தோணி தயாராயிற்று.

குறித்த நாளில் எல்லோரும் கழிக்கரையில் கூடினார்கள். தோணியோ மாவு பிசைகிற மரவை போலச் சின்னதாக இருந்தது. ராஜா ஏறினார், மருதையன் ஏறினான். அடியில் ஒரு சாண் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. மந்திரி சேனாபதிக்குக் கண்ணைக் காட்டினார். சேனாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். தோணி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அடியில் சேறு 'புளக்' என்றது.

"தரைதட்டிவிட்டது. மருதையன் மூட்டை கட்டலாம்" என்றார் மந்திரி.

மருதையன் கைகூப்பினான். "மகாராஜா, ஒரு ராஜா, ஒரு அரிசி மூட்டை, ஒரு துரும்பு, ஒரு தூசு, ஒரு நிழல். இவ்வளவுக்குத்தான் தோணி செய்யச் சொன்னேன். தூசு ஏறி எந்தத் தோணியும் தரைதட்டாது. இப்போது ஏறியது என்னவென்று தாங்களே பார்த்துச் சொல்லவேண்டும்."

ராஜா மெல்லத் திரும்பினார். "சேனாபதி, நீர் தூசுதானே?"

சேனாபதிக்கு ஒரு கால் தோணியில், ஒரு கால் சேற்றில். இல்லை என்றால் தினமும் காலையில் சொன்னதெல்லாம் பொய். ஆமாம் என்றால் தோணி ஏன் சாய்ந்தது? தோணியில் இருந்த காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

"தூசுதான் மகாராஜா. தூசு கரையிலேயே இருந்துகொள்ளும்."

மந்திரிக்கு அந்த நிமிஷமே முழங்கால் வலி வந்துவிட்டது. பொக்கிஷதாரருக்குத் தண்ணீர் ஆகாதாம். தோணி நிமிர்ந்து மிதந்து போயிற்று. ராஜா முதலில் வீசிய வலை அவர் கிரீடத்திலேயே விழுந்தது. இரண்டாவது வீச்சில் மடவை மீன் கூட்டமாகச் சிக்கியது. குழந்தைபோலக் கத்திக்கொண்டே கரைக்கு வந்தார்.

வந்ததும், மருதையனுக்கு எடைக்கு எடை மீன் என்று உத்தரவு போட்டார். பிடித்தது போதாமல் கரையிலிருந்த மீனவர்களின் கூடைகளையும் வாங்கவேண்டியிருந்தது. நெல் நிறுக்கும் தராசு கிரீச்சிட்டது. மந்திரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வெயிலில் நின்ற எங்களுக்கும் ஏதாவது என்று தலையைச் சொறிந்தார்.

"உமக்கும் அதே நீதிதான்" என்றார் ராஜா.

துரும்பின் எடைக்கு மந்திரிக்கு ஒரு இறால் மீசை கிடைத்தது. சேனாபதிக்கு ஒரு செதில். பொக்கிஷதாரரைக் கையை நீட்டச் சொல்லி, ராஜாவே ஒரு மீனை உயரப் பிடித்து, அதன் நிழல் அவர் உள்ளங்கையில் விழும்படி காட்டினார். தோணியும் மருதையனுக்கே என்றார். அன்று காத்தாயி தெருவுக்கே குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலை சபை கூடியது. வழக்கம்போல மந்திரி முதலில் எழுந்து வணங்கினார்.

"மகாராஜா, நான் இரண்டு மூட்டை."

"நான் யானை" என்றார் சேனாபதி.

ராஜா சிரித்த சிரிப்பில், காலில் இருந்த புதுப் பாதுகையும் கழன்று விழுந்தது.