ஆ பிரிவின் சந்தை

திரவியம் தன் நெறியாளரைவிட வயதில் மூத்தவர். தென்பகுதி ஊர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியர். பிள்ளைகள் பொருளியலை ஏன் மனப்பாடம் மட்டுமே செய்கிறார்கள் என்ற கேள்வி அவரை வெகுகாலமாகக் குடைந்துகொண்டிருந்தது. தலை நரைத்த பிறகு அதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டார்.

நெறியாளர் ஹசீனா, பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர். அவர் தன் மாணவரை சார் என்பார். மாணவர் அவரை மேடம் என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, துறையின் மாடிப்படிகளைத் தாவித் தாவி ஏறி வந்தார் திரவியம். கையில் விடைத்தாள் கட்டு.

"எல்லாம் போச்சு மேடம்."

"உட்காருங்க சார். முதல்ல தண்ணி குடிங்க."

அவர் உட்காரவில்லை.

அவருடைய ஆய்வு எளிமையானது. பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு அ, ஆ என இரண்டு பிரிவுகள். அ பிரிவுக்கு அவர் விளையாட்டு வைத்துப் பாடம் நடத்தினார். பிள்ளைகளில் பாதிப் பேர் வியாபாரி, பாதிப் பேர் வாங்க வந்தவர்கள். யார் கையில் எவ்வளவு சரக்கு, யார் எந்த விலை வரை போகலாம் என்று அட்டைகளில் எழுதிக் கொடுத்துவிடுவார். அரை மணி நேரத்தில் வகுப்பறை சந்தையாகிவிடும். ஆ பிரிவுக்கு அட்டை கிடையாது, விளையாட்டு கிடையாது. புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. அரையாண்டு முடிவில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. அ பிரிவு முந்தினால் அவருடைய முறை வென்றதாகும்.

"அ பிரிவு சரியா எழுதலையா?" என்று கேட்டார் ஹசீனா.

"நல்லா எழுதியிருக்காங்க மேடம்."

"ஆ பிரிவு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அவங்க இன்னும் நல்லா எழுதியிருக்காங்க."

ஹசீனா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க மேடம். என் முறைக்கும் பழைய முறைக்கும் வித்தியாசமே இல்லைன்னா ஆய்வேடே இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுது. என் பதிவுக் காலமும் இந்த மாசத்தோட முடியுது."

"ஆ பிரிவு எப்படி சார் படிச்சாங்க?"

"அதுதான் தெரியலை. புத்தகத்தை வாசிச்சேன், கரும்பலகையில எழுதிப் போட்டேன். ஒரு உதாரணம்கூடச் சொல்லலை. வேணும்னே சப்புன்னு நடத்தினேன்."

"வேணும்னேயா?"

திரவியம் விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தார். "ஆய்வுன்னா அப்படித்தானே மேடம். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் வெறும் தண்ணி."

ஹசீனா ஆ பிரிவுத் தாள் ஒன்றை உருவி வாசிக்கத் தொடங்கினார்.

திரவியம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பக்கத்து ஊர்ப் பள்ளியில என் சிநேகிதர் இருக்கார். அவர் பிள்ளைங்களுக்கு இதே தேர்வை வச்சு, அந்த மதிப்பெண்ணை ஆ பிரிவுன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது? செய்யலாமா மேடம்?"

ஹசீனா எழுந்து தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ல போகணும் சார்?"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதிய மணி அடித்திருந்தது. திரவியம் ஆசிரியர் அறையை நோக்கி நடந்தார். தினமும் அவர் சாப்பிடுவது அங்கேதான். ஹசீனா நின்றுவிட்டார். பள்ளியின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையிலிருந்து ஒரே கூச்சல்.

"அங்க என்ன சார்?"

"சாப்பாட்டு நேரம் மேடம். கத்துவாங்க."

"என்ன கத்துறாங்கன்னு கேளுங்க."

திரவியம் காதைக் கொடுத்தார்.

"முட்டை இறங்குது! முட்டை இறங்குது! ஒரு முட்டைக்கு ஒரு இட்லி!"

இருவரும் போனார்கள். கொட்டகையின் குட்டிச் சுவர்மேல் ஒரு பெண் ஏறி நின்றிருந்தாள். ஆ பிரிவு மாரிக்கனி. கீழே மொத்த ஆ பிரிவும் திறந்த டிபன் பாக்ஸோடு முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒருவன் முட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கெஞ்சினான். ஒருத்தி மாங்காய் ஊறுகாய் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் நின்றாள். மாரிக்கனி கூட்டத்தைப் பார்ப்பாள், உடனே அடுத்த விலையைக் கத்துவாள்.

"ஊறுகாய் ஏறுது! ஒரு கரண்டிக்கு ரெண்டு இட்லி!"

திரவியம் அப்படியே நின்றார். பிறகு கோபம் வந்தது.

"யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தா?"

சத்தம் சட்டென்று அடங்கியது. மாரிக்கனி சுவரிலிருந்து குதித்தாள். ஊறுகாய்க்காரி எஸ்தர்தான் வாயைத் திறந்தாள்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலை சார். அ பிரிவுல நீங்க கதவைச் சாத்திக்கிட்டு விளையாட்டு நடத்துவீங்க. அவங்க சிரிக்கிறது எங்க சுவர்ல அதிரும். அப்புறம் எங்ககிட்ட வந்து புத்தகத்தை எடுத்து வாசிப்பீங்க. எங்களைப் பார்க்கக்கூட மாட்டீங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?"

அவள் அ பிரிவு வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவங்ககிட்ட கேட்டோம். அட்டை எல்லாம் இருக்கும்னாங்க. எங்ககிட்ட அட்டை இல்லை. அதான் சோத்தை வச்சு."

ஹசீனா தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார்.

"எனக்கு விதி தெரியாது. என் தயிர் சாதத்துக்கு என்ன கிடைக்கும்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாரிக்கனி தயங்கித் தயங்கி மறுபடி சுவர்மேல் ஏறினாள்.

"தயிர் சாதம்... யாருக்கு?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

"மேடம், தயிர் சாதம் விலை போகாது," என்றான் கொம்பையா என்ற பையன். "ஆனா ஊறுகாய் வச்சிருக்கிறவங்க தொட்டுக்க ஏதாவது வேணும்னு வாங்குவாங்க. எஸ்தர்கிட்ட கேளுங்க."

கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. மறுபடி சந்தை சூடு பிடித்தது.

"முட்டை ஏன் இவ்வளவு மட்டமாப் போகுது?" என்று கேட்டார் ஹசீனா.

எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கடைசியில் எஸ்தர் குரலே மேலே வந்தது. "வெள்ளிக்கிழமை முட்டைக்கு நல்ல விலை மேடம். ரெண்டு பேர்தான் கொண்டு வந்திருந்தாங்க. அந்த ஆசையில இன்னைக்கு அத்தனை பேரும் முட்டை. விழுந்திடுச்சு. நாளைக்கு ஒருத்தரும் முட்டை கொண்டு வர மாட்டாங்க. அதனால நாளைக்கு ஏறும். போன வாரமும் இப்படித்தான் ஏறி ஏறி விழுந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் நான் ஊறுகாய்க்கு மாறினேன்."

திரவியம் ஓரடி முன்னால் வந்தார்.

"திரும்பச் சொல்லு."

எஸ்தர் திரும்பச் சொன்னாள். திரவியத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"மேடம், இது பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துலயே இல்லை. நான் எம்.ஏ.வுல படிச்சது. நேத்து விலையைப் பார்த்து இன்னைக்கு விளைவிக்கிறது. வரைபடம் போட்டா சிலந்தி வலை மாதிரி சுத்தும். மேடம், இதுங்க சிலந்தி வலையைக் கண்டுபிடிச்சிருக்குங்க!"

அவர் கத்திக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை.

"அ பிரிவுல இது வந்துச்சா சார்?" என்று கேட்டார் ஹசீனா.

"எப்படி வரும்? அங்க அட்டையில எல்லாத்தையும் நானே எழுதிக் கொடுத்துட்டேனே."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார்.

அப்போது கொம்பையா குறுக்கே வந்தான். "சார், ஒரு சந்தேகம். எங்களுக்குள்ள இன்னும் தீரலை. வாங்குற சக்தி இருந்தாத்தான் தேவைன்னு நீங்க புத்தகத்துல வாசிச்சீங்க. மாரிக்கனி சாப்பாடு கொண்டு வர்றதில்லை. அவகிட்ட மாத்திக்க ஒண்ணும் இல்லை. அப்ப அவளுக்குத் தேவை இல்லையா சார்? அவளுக்குப் பசிக்குதே."

மாரிக்கனி சுவர்மேலிருந்து, "எனக்கு ஒண்ணும் பசிக்கலை," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

திரவியம் பல ஆண்டுகளாக அந்த வரையறையை வாசித்து வந்தவர். தேர்வில் அதற்கு மதிப்பெண் போட்டவர். இப்போது அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நீங்க என்ன முடிவு பண்ணீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டார் ஹசீனா.

"பெரிய சண்டை மேடம். சும்மா கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டா. அப்புறம் அவதான், விலையைச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல, நான் சொல்றேன்னா. அவ சொன்னப்புறம்தான் எங்களுக்கே சண்டை குறைஞ்சுது. ஆளுக்கு ஒரு கை சோறு கொடுக்கிறோம். ஆனா இந்தக் கொம்பையா, அது கூலியா தர்மமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்," என்றாள் எஸ்தர்.

"கூலிதான்!" என்று மேலிருந்து மாரிக்கனி கத்தினாள்.

மணி அடித்தது. சந்தை கலைந்து ஓடியது. ஹசீனாவின் டப்பாவில் தயிர் சாதம் பாதி குறைந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய்.

பேருந்து நிறுத்தம் வரை திரவியம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். யார் முதலில் அ பிரிவில் போய்க் கேட்டது? விதிகளை எப்படி மாற்றினார்கள்? விலை சொல்லும் ஆள் வந்தபோது என்ன மாறியது? அந்தக் கூலிச் சண்டையை முழுதாகக் கேட்க வேண்டும்.

"சிநேகிதர் பள்ளியில தேர்வு வைக்கலாம்னீங்களே சார்?"

"எந்தச் சிநேகிதர்?" என்றவர், நினைவு வந்ததும் முகம் சிவந்தார். "அது வேண்டாம் மேடம். நடந்ததை அப்படியே குழுவில சொல்லப்போறேன்."

"அவங்க பதிவை ரத்து பண்ணினாலும் பண்ணுவாங்க."

"பண்ணட்டும். இதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது."

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மூத்த உறுப்பினர் ஒருவர் தாள்களைத் தள்ளிவைத்தார். "ஒப்பிட வச்சிருந்த வகுப்பே கெட்டுப்போயிருக்கு. இதுல என்ன ஆய்வு?"

திரவியம் எழுந்தார். முட்டை விலை ஏறி இறங்கியதைச் சொன்னார். சுவரில் அதிர்ந்த சிரிப்பைச் சொன்னார். வேண்டுமென்றே சப்பென்று நடத்தியதையும், அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் மறைக்கவில்லை. கைகளை வீசி, மேசையைத் தட்டி, மூச்சு வாங்கச் சொன்னார். மாரிக்கனி சுவர்மேலிருந்து கூலிதான் என்று கத்தியதையும் சொன்னார். தாள்களைத் தள்ளிவைத்த உறுப்பினரே இடையில், "கடைசியில அது கூலியா, தர்மமா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒன்று சொல்ல, அவர் மறுக்க, குழு தனக்குள் வெகுநேரம் வாதாடியது.

ஓராண்டு நீட்டிப்புக் கிடைத்தது. தலைப்பை மாற்ற வேண்டும் என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் திரவியம் நெறியாளரின் கையைப் பிடிக்காத குறையாக நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"மேடம், திங்கட்கிழமை ஆ பிரிவுக்குப் போகணும். இனிமே அவங்களுக்கு எந்த முறையில பாடம் நடத்தட்டும்?"

ஹசீனா தன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"திங்கட்கிழமை மதியத்துக்கு நீங்க என்ன சாப்பாடு கொண்டு போறீங்க சார்?"