மூக்காயியின் தேஞ்ச குளம்பு

பொய் சொல்லாதீங்க மயில் ஐயா. முப்பது நாள் கெடு கொடுத்தும் மூக்காயி படுத்துத் தூங்கிட்டா, அதான் காப்பீட்டுல அவ பேர் ஏறலன்னு காடு பூரா சொல்லிட்டுத் திரியிறீங்க. காப்பீட்டுக்கே தலைவர் நீங்க. ஒரு நாளாவது குளத்தங்கரைக்கு வந்து பார்த்தீங்களா? நான் பார்த்தேன். எங்க கீரி சித்தப்பாவுக்காக அந்த வரிசையில நின்னேன். நடந்ததைச் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும்.

மூக்காயி ஒரு கழுதை. இருபது வருஷமா குளத்துல இருந்து களிமண் சுமந்தா. போன மாசம்தான் ஓய்வு கொடுத்தாங்க. மறுநாளே முழங்கால் வீங்கிப் போச்சு. வைத்தியர் கரடிக்கிட்ட போனா.

"ஓய்வுக்காரங்களுக்கு முப்பது நாளுக்குள்ள காப்பீட்டு வில்லை தருவாங்கம்மா. அதை வாங்கிட்டா ஆயுசுக்கும் வைத்தியம் இலவசம். சீக்கிரம் போ"ன்னார் கரடி.

வில்லை வாங்க, ஈரக் களிமண்ணுல கால வச்சு அழுத்தணும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எடுத்த தடத்தோட அது ஒத்துப் போகணும். ஒத்துப் போனா அதைச் சுட்டு, கயிறு கோத்து, கழுத்துல மாட்டிவிடுவாங்க.

மூக்காயி மூணாம் நாளே குளத்தங்கரைப் பதிவுக்கு வந்துட்டா ஐயா. நொண்டிக்கிட்டே வந்தா.

எழுத்தர் கொக்கு ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு பழைய தடத்தைப் பார்த்தார். புதுசையும் பார்த்தார்.

"இது நீ இல்ல."

"நான்தான் சாமி, மூக்காயி."

"பழைய தடத்துல குளம்பு விளிம்பு கூரா இருக்கு. இது கூழாங்கல்லு மாதிரி இருக்கு."

"சுமந்து சுமந்து தேஞ்சிருச்சு சாமி."

"தேஞ்சதுன்னு எழுத இங்க இடம் இல்ல."

"நான் மூக்காயி இல்லன்னா, இங்க நிக்கிறது யாரு சாமி?"

"அது எனக்கு எதுக்கு? அடுத்தது யாரு, வாங்க."

பின்னாடி நின்ன குரங்கு, "வீட்டுக்குப் போய் மூக்காயிய அனுப்பி வை"ன்னு கேலி பண்ணுச்சு.

"கண்ணுல பட்டா அனுப்புறேன்ப்பா"ன்னு மூக்காயியும் சேர்ந்து சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரல.

சாட்சி வேணும்னார் கொக்கு. அந்த வீங்குன காலோட மலையேறி, மேஸ்திரி யானையைக் கூட்டிட்டு வந்தா.

"இருபது வருஷமா எங்கிட்ட வேலை பார்த்தவ. இவளை எனக்குத் தெரியாதா?"ன்னு யானை அதட்டுச்சு.

"உங்களுக்குத் தெரியுது. களிமண்ணுக்குத் தெரியலையே"ன்னார் கொக்கு. அப்புறம் அவளைப் பார்த்து, "நடக்காம படுத்துக் கிட. குளம்பு வளரும். வளர்ந்ததும் வா"ன்னார்.

அதனாலதான் படுத்தா ஐயா. உங்க எழுத்தர் சொல்லித்தான் படுத்தா. நீங்க தூக்கம்னு சொல்றது அதைத்தான்.

முப்பதாம் நாள் வந்தா. குளம்பு நெல்லு மொனை அளவுக்கு வளர்ந்திருந்துச்சு. அழுத்துனா. பத்தல.

அன்னைக்குத்தான் கொக்குக்கும் வேலையில இருந்து ஓய்வு. தன் காலையே களிமண்ணுல வச்சார். பழைய தடத்தோட அச்சு அசலா ஒத்துப் போச்சு. இருபது வருஷத்துல ஒரு கீறல்கூட மாறல. வரிசையே வாயப் பொளந்துச்சு.

மூக்காயி அதை எட்டிப் பார்த்தா. மனசுல ஒரு கள்ளமும் இல்லாம, "கொடுத்து வச்ச காலு சாமி"ன்னா.

கொக்கு தன் வில்லைய மாட்டிக்கிட்டுப் பதிவை மூடிட்டார். இனிமே அடுத்த மழைக்குத்தான் திறப்பாங்களாம்.

இப்ப கரடி பச்சிலை மட்டும் வச்சுக் கட்டுறார். கழுத்துல வில்லை இருந்தாத்தான் நல்ல மருந்தை எடுக்க முடியுமாம். அடுத்த மழை வரைக்கும் இந்தக் கால் தாங்குமான்னு கேட்டேன். அவர் பச்சிலை மூட்டையக் கட்டிட்டுக் கிளம்பிட்டார்.

உழைச்சுத் தேஞ்சவங்களுக்கு உதவ வந்த சட்டம் அந்தத் தேய்மானத்தையே குத்தமா எழுதினா, அது உழைக்காத காலுக்குத்தான் மருந்து போடும்.

வெள்ளிக்கிழமை ஆலமரத்தடியில காடே கூடுது மயில் ஐயா. மூக்காயியும் வருவா, நொண்டிக்கிட்டேதான் வருவா. கொக்கு கழுத்துல தொங்குற வில்லைக்கு மண்ணு சுமந்தது அவ இல்லன்னா, வேற யாரு? எல்லார் முன்னாடியும் நின்னு பதில் சொல்லுங்க.