துதிக்கை ஆசீர்வாதம்

குமரகிரி சாமி தன் சீடர் பொன்னுரங்கத்தைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் பொன்னுரங்கம் அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேசுவார். அன்றைக்கு அதெல்லாம் மறந்துபோய்க் கத்திவிட்டார்.

"தீபாவளிக்குக்கூட வரலை சாமி! தினமும் காலையில என் கால்ல விழுந்து கும்பிட்ட பிள்ளை. ஹாஸ்டலுக்குப் போனதும் அப்பன் வேண்டாதவனாயிட்டேனா? அந்தக் கும்பிடெல்லாம் எங்க போச்சு?"

சாமி வாழைப்பழம் இரண்டை எடுத்துக்கொண்டு அவரைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனார்.

பழத்தைப் பார்த்த கோயில் யானை, துதிக்கையைப் பொன்னுரங்கத்தின் தலையில் வைத்தது. அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். அடடா, நெஞ்சே குளிர்ந்துவிட்டது.

"ஆசீர்வாதம் சாமி!"

சாமி பழத்தை யானைக்குக் கொடுத்தார். "ஆசீர்வாதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. தலையில வெச்சா பழம் வருது, வெக்கிது. நாளைக்குப் பழம் நின்னுபோனா, துதிக்கையும் நின்னுபோகும்."

அந்த நேரம் பார்த்துப் பாகன் அங்குசத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தான். சத்தம் கேட்டதும் யானைக்குக் கால் வெடவெடத்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"ஐயோ பாவம், அவன் அடிக்கவே இல்லையே!"

"இப்ப அடிக்கலை. அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே அடி வந்து வந்து, சத்தமே போதும்னு ஆயிடுச்சு. துதிக்கையைப் பழத்துக்காக அது வெக்கிது. நடுக்கத்தை அது செய்யலை, தானா வருது. ரெண்டும் வேற வேற." சாமி திரும்பினார். "உங்க செருப்புச் சத்தம் கேட்டா பையன் என்ன ஆவான்?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார். "வேர்த்துப்போகும். கையில இருக்கிறது நழுவும். வீட்டுக்குள்ள நுழையும்போதே பெல்ட்டைக் கழட்டிடுவேன் சாமி. கண்டிப்பு வேணுமேன்னு..."

"காலையில கும்பிடலைன்னா?"

"அன்னிக்குப் பலகாரம் கிடையாது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பெற்ற பிள்ளையை இப்படியா வளர்த்தோம்! இத்தனை வருஷம் அதை மரியாதை, பாசம் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"அவனைப் பார்க்கணும் சாமி." போனைக் கையில் எடுத்தார். "ஒரு போன் போட்டா வருவானா?"

"உங்க குரல் கேட்டதும் நடுங்கிக்கிட்டே அடுத்த பஸ்ஸிலேயே வந்துடுவான். அதனாலதான் சொல்றேன், போடாதீங்க."