காரணம் சொல்லாத நீக்கம்

அறுபத்து மூன்று வயதில் சிவசைலம் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு வயது இருபத்தாறு, பெயர் நிஷா. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதன் நிர்வாகிகளில் அவள் ஒருத்தி. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திய மனிதர் அவளிடம் கணினியில் திருத்தக் கற்றுக்கொண்டார். கற்றபின் சும்மா இருப்பாரா? ஊர்க் கல்லூரிகளைப் பற்றிய கட்டுரைகளுக்கெல்லாம் தாமே காவல் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தில் வைத்து நிஷா அவரிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். ஒரு மகளிர் கல்லூரியில் விடுதிக் காப்பாளராக இருந்த ரெஜினா கலைக்களஞ்சிய நிர்வாகிகளுக்கு எழுதியது. மாணவி ஒருத்தியை அவர் இரண்டு நாள் அறையில் பூட்டி வைத்ததாகக் கல்லூரிக் கட்டுரையில் ஒரு வரி. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கல்லூரியே விசாரித்து எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் அதற்குள் வேறொரு கல்லூரி அந்த வரியைப் படித்துவிட்டு, அவருக்குத் தருவதாகச் சொன்ன வேலையை இல்லையென்று சொல்லிவிட்டது.

சிவசைலத்தின் முகம் செத்துவிட்டது. அந்த வரி அவருக்குத் தெரியும்.

"நான் எழுதலியேம்மா! யாரோ பேர் தெரியாதவன் எழுதினான். அரை மணி நேரத்துல 'சான்று தேவை'ன்னு குறிப்புப் போட்டது நான்தான். முறைப்படிதானே செஞ்சேன்? எங்க தப்பு பண்ணினேன்?"

அந்தக் கட்டுரையில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் திருத்த வரலாற்றைத் திறந்து, நிஷா கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே வாசிங்க சார். சத்தமா."

வாசித்தார். குறிப்புப் போட்ட கையோடு, 'பூட்டி வச்சாங்க' என்றிருந்ததை 'பூட்டி வைத்ததாகக் கூறப்படுகிறது' என்று சீராக்கியிருந்தார். எழுத்தில் பிசிறு இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அன்று மாலையே, தளத்தில் பெயர் பதிவு செய்யாத யாரோ அந்த வரியை நீக்கியிருந்தார்கள். 'காரணம் சொல்லாத நீக்கம். மீட்கப்பட்டது. சிவசைலம்.' மறுபடி நீக்கம். மறுபடி சிவசைலம். ஏழாம் முறை, நீக்கியவருக்கு எச்சரிக்கை. எட்டாம் முறை, அந்த ஆள் இனி எதையும் தொட முடியாதபடி தடை கேட்டிருந்தார்.

"கேட்டது நீங்க," என்றாள் நிஷா. "போட்டது நான்." அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஏதோ விஷமின்னு நெனச்சேம்மா. பிறகு சான்றும் வந்துச்சே, செய்தித் தளத்துல!"

"அதுல இருக்கறது உங்க வாக்கியம் சார். ஒரு எழுத்துகூட மாறல. மூணு மாசம் கழிச்சு நம்மகிட்டேருந்துதான் எடுத்துப் போட்டிருக்காங்க."

அவள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். 'காரணத்தை எங்கே எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அழித்தால் போய்விடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.'

சிவசைலம் கண்ணாடியைக் கழற்றினார். வெட்கமாக இருந்தது. அதைவிட, ரெஜினா ஒரே வரியை எட்டு முறை அழித்ததை நினைக்கத்தான் தாங்கவில்லை. ஆனாலும் பழியை இறக்கிவைக்க மனம் ஓர் ஆளைத் தேடியது.

"முதல்ல எழுதினானே, அந்தப் பாவி யாரும்மா?"

"தெரியாது சார். அவன் ஒரே தடவதான் எழுதினான். அன்னைக்குச் சாயங்காலமே அந்தம்மா அதை அழிச்சிட்டாங்க."